தெருமுனை ஸ்மார்ட் கம்பம் உங்கள் ஜன்னலைப் பார்த்தால் என்ன செய்யலாம்?

கேள்வி இது: தெருமுனையில் மாநகராட்சி ஒரு ஸ்மார்ட் கம்பம் நட்டிருக்கிறது. அதில் கேமரா, வைஃபை பெட்டி, காற்றுத் தர சென்சார் எல்லாம் இருக்கின்றன. கேமரா முதல் மாடி ஜன்னலைப் பார்த்தாற்போல் நிற்கிறது. "எனக்குச் சம்மதமில்லை" என்று எழுதிக் கொடுத்தால் விலக்கு கிடைக்குமா? கிடைக்காவிட்டால் வேறு வழி உண்டா?

விலக்கு கிடைக்காது. பொது இடத்தில் அரசு வைக்கும் சென்சாரிலிருந்து தனியொருவர் விலகிக்கொள்ளும் உரிமையை இந்தியச் சட்டம் எதுவும் தரவில்லை. ஆனால் கேமராவின் கோணத்தை மாற்ற வைக்கலாம். உங்கள் ஜன்னல் விழும் பகுதியைப் படத்திலேயே கறுப்படிக்க வைக்கலாம். பதிவு எத்தனை நாள் தங்குகிறது, யார் பார்க்கிறார்கள், முகமறியும் மென்பொருள் ஓடுகிறதா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கலாம். இதில் பாதி வேலை சட்டப் புத்தகத்தில் இல்லை. டெண்டர் ஆவணத்திலும் கேமராவின் செட்டிங்கிலும் இருக்கிறது. தமிழ்நாட்டு மாநகராட்சி ஒன்றை மனதில் வைத்துச் சொல்கிறேன். வேறு மாநிலமென்றால் கட்டண விதியும் அலுவலகப் பெயரும் மாறும், மற்றது பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் கம்பத்தை நன்றாகப் பாருங்கள். அதில் இருப்பதெல்லாம் உங்களைப் பற்றிய தரவைச் சேகரிப்பதில்லை. துளைகள் போட்ட வெள்ளைப் பெட்டி காற்றுத் தர சென்சார். அது அளப்பது நுண்தூசியையும் வாயுக்களையும்தான். மழைநீர் வடிகால்மேல் கீழ்நோக்கித் தொங்கும் சிறு கூம்பு நீர்மட்டம் அளக்கும் அல்ட்ராசோனிக் அல்லது ரேடார் சென்சார். குப்பைத் தொட்டி மூடிக்குள் இருப்பதும் அதே ரகம். இவற்றின்மேல் மனுப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். கவனிக்க வேண்டியவை நான்கு: கேமரா, ஒலிமாசு அளக்கும் கருவி (உள்ளே மைக் இருக்கிறது), வைஃபை பெட்டி, வீட்டோடு ஒட்டிய அடையாளங்கள். கடைசி வகையில் குப்பை சேகரிப்புக்காகக் கதவருகே ஒட்டப்படும் கியூஆர் அல்லது ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையில் படிக்கும்) வில்லையும், ஸ்மார்ட் குடிநீர் மீட்டரும் சேரும்.

கேமராவிலும் வகை உண்டு. நீள உருளை வடிவில் ஒரே திசையைப் பார்த்து நிற்பது நிலைக்கேமரா. சாலைத் தடத்தை நோக்கித் தாழ்வாக, அகச்சிவப்பு விளக்கோடு நிற்பது பெரும்பாலும் வண்டி எண் படிக்கும் கேமரா. அதன் பார்வை மிகக் குறுகியது, உங்கள் மாடிக்கும் அதற்கும் சம்பந்தமிருக்காது. தலைகீழ்க் கிண்ணம்போல் தொங்குவது பிடிஇசட் ஆக இருக்கலாம், அதாவது சுழன்று, சாய்ந்து, பெரிதாக்கிப் பார்க்கும் கேமரா. தனியுரிமைக்குத் தலைவலி இதுதான். கீழேயிருந்து பார்த்தால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றே தெரியாது. பகலில் போக்குவரத்தைப் பார்ப்பது இரவில் மொட்டை மாடியைப் பார்க்கலாம்.

"பார்க்கிறது" என்பதற்கும் அளவு உண்டு. ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பின்படி, ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல் இருந்தால் ஆள் நடமாட்டம் தெரியும், 125 இருந்தால் ஏற்கெனவே அறிந்தவரை இன்னாரென்று சொல்லலாம், 250 இருந்தால் அறியாதவரையும் அடையாளம் காட்டலாம். நெடுநாளாகத் துறையில் புழங்கும் கணக்கு இது. 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். உங்கள் வீடு நிற்கும் தூரத்தில் அந்தக் கேமரா 30 மீட்டர் அகலத்தைக் காட்டுகிறது என்றால் மீட்டருக்கு 64 பிக்சல். ஜன்னலில் ஆள் நிற்பது தெரியும், முகம் தேறாது. அதே இடத்தில் 3840 பிக்சல் அகலமுள்ள 8 மெகாபிக்சல் கேமரா 15 மீட்டர் அகலத்தைக் காட்டினால் மீட்டருக்கு 256. முகம் தெளிவாக விழும். மனுவில் "எங்கள் அந்தரங்கம் பாதிக்கப்படுகிறது" என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் தூங்கும். மாடல் எண்ணும் தூரமும் இந்தக் கணக்கும் சேர்ந்தால் பொறியாளர் மேசையில் நிற்கும்.

அடுத்தது, கம்பம் யாருடையது? மாநகராட்சி கம்பம் என்று எல்லோரும் சொல்வது பல நேரம் தவறாக இருக்கும். 2015 ஜூன் 25-இல் தொடங்கி 2025 மார்ச் 31-உடன் முடிந்த சீர்மிகு நகரத் திட்டத்தில் தமிழ்நாட்டில் 11 நகரங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் மாநில அரசும் மாநகராட்சியும் பங்குதாரர்களாகத் தனி நிறுவனம் தொடங்கி, அதன் பெயரில்தான் கம்பமும் கட்டுப்பாட்டு மையமும் வாங்கப்பட்டன. பராமரிப்பது ஒப்பந்த நிறுவனம். திரையைப் பார்ப்பது மாநகராட்சி ஊழியரோ ஒப்பந்த ஊழியரோ காவல்துறையோ, ஊருக்கு ஊர் மாறும். அதே கம்பத்தில் காவல்துறை தனியாக ஒரு கேமராவையும் மாட்டியிருக்கலாம். கம்பத்தில் ஒட்டிய எண், கீழே உள்ள மின்பெட்டியில் எழுதியிருக்கும் நிறுவனப் பெயர், அவசர உதவிப் பொத்தான் இருந்தால் அதனருகே உள்ள எண் மூன்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தனி நிறுவனமும் அரசுக்குச் சொந்தமானது என்பதால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்துக்குள் வருகிறது. "நாங்கள் கம்பெனி, எங்களுக்கு ஆர்டிஐ கிடையாது" என்ற பதில் செல்லாது.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல் புட்டசாமி வழக்கில் சொன்னது. அரசு அதில் தலையிட வேண்டுமானால் அதற்குச் சட்ட ஆதாரம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், தலையீடு அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. உங்கள் மனுவின் முதுகெலும்பு இதுதான்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 வந்துவிட்டதே, அதன்படி என் படத்தை அழிக்கச் சொல்லலாமே என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டு தடைகள். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகளும் உரிமைகளும் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாத நடுவில்தான் நடைமுறைக்கு வரும். வந்த பிறகும், தரவைப் பார்க்கும் உரிமையும் (பிரிவு 11) திருத்த, அழிக்கக் கோரும் உரிமையும் (பிரிவு 12) சம்மதம் கொடுத்தவருக்கோ தானாக முன்வந்து தரவைத் தந்தவருக்கோதான். தெருக்கேமரா உங்களிடம் சம்மதம் கேட்கவே இல்லை. சட்டப்படியான பணியை அரசு செய்கிறது என்ற பிரிவு 7-இன் கீழ் அது நிற்கும். சம்மதம் கேட்காமல் எடுத்ததாலேயே அழிக்கச் சொல்லும் உரிமை இல்லாமல் போகிறது. விசித்திரம்தான், ஆனால் எழுத்து அப்படித்தான் இருக்கிறது. குறைதீர்ப்பு கோரும் பிரிவு 13-க்கு இந்தச் சம்மத நிபந்தனை இல்லை. பிற்காலத்தில் கைகொடுக்கப் போவது அதுதான்.

இன்னொரு நுணுக்கம்: குற்றத் தடுப்புக்கும் புலனாய்வுக்கும் என்று சொல்லி எடுக்கும் தரவுக்குப் பிரிவு 17(1) பெரும் விலக்கு தருகிறது. தரவைப் பாதுகாப்பாக வைக்கும் கடமை மட்டும் மிஞ்சும்; குறைதீர்ப்பு உரிமைகூடப் போய்விடும். ஆகவே அந்தக் கேமரா "போக்குவரத்து மேலாண்மை"க்கா, "பொதுப் பாதுகாப்பு"க்கா என்று கோப்பில் எழுதியிருக்கும் ஒரு சொல்லைப் பொறுத்து உங்கள் நிலைமையே மாறும். அந்தச் சொல்லை இப்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள். பின்னால் மாற்றினால் மாற்றியது தெரியும்.

இனி செய்ய வேண்டியது. ஆர்டிஐ போடுவதற்கு முன்பே ஒரு கோரிக்கைக் கடிதம் கொடுங்கள். மண்டல அலுவலரின் பெயருக்கு, நகல் மின்துறைச் செயற்பொறியாளருக்கும் கவுன்சிலருக்கும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இல்லையென்றால் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். சென்னையானால் 1913-இலும் புகார் எண் ஒன்று வாங்கி அதைக் கடிதத்தில் குறிப்பிடலாம். எங்கிருந்தாலும் முதல்வர் உதவி மையம் 1100 உண்டு. கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தால் போதும்:

"மேற்கண்ட கம்பத்தில் உள்ள கேமரா எங்கள் வீட்டின் முதல் தளப் படுக்கையறை ஜன்னலை நோக்கி உள்ளது. கேமராவுக்கும் ஜன்னலுக்கும் இடையே சுமார் 12 மீட்டர். சாலையைக் கண்காணிக்கும் நோக்கத்துக்கு இந்த ஜன்னல் தேவையில்லை. எனவே கேமராவின் கோணத்தைச் சாலையை நோக்கித் தாழ்த்தவும், அது இயலாதெனில் எங்கள் ஜன்னல்கள், மொட்டை மாடி ஆகிய பகுதிகளுக்குக் கேமராவிலேயே பிரைவசி மாஸ்க் அமைக்கவும், அமைத்த பிறகு தேதி தெரியும் திரைப்படியின் (ஸ்கிரீன்ஷாட்) நகல் ஒன்றை எனக்கு வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

"கேமராவிலேயே" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பிரைவசி மாஸ்க் என்பது படத்தின் ஒரு பகுதியை நிரந்தரமாகக் கறுப்பாக்குவது. அதைக் கேமராவின் உள்செட்டிங்கில் வைத்தால் மறைத்த படம்தான் கேமராவை விட்டே வெளியேறும், பதிவிலும் மறைந்திருக்கும். கட்டுப்பாட்டு மைய மென்பொருளில் வைத்தால் பல அமைப்புகளில் திரையில் மட்டும்தான் மறையும், பதிவில் உங்கள் ஜன்னல் அப்படியே இருக்கும், உயர் அனுமதி உள்ளவர் மறைப்பை நீக்கிப் பார்க்கவும் முடியும். பொறியாளர் "மாஸ்க் போட்டாச்சு" என்பார். எங்கே போட்டார் என்று கேளுங்கள். இன்று சந்தையில் இருக்கும் ஐபி கேமராக்களில் இந்த வசதி இல்லாதது அரிது, கூடுதல் செலவும் இல்லை, ஒருவர் உட்கார்ந்து செய்தால் கால்மணி நேர வேலை. அதனால்தான் கேமராவை அகற்றச் சொல்வதைவிட இதைக் கேட்பது பலிக்கிறது. அகற்ற மாமன்றம்வரை போக வேண்டும், மாஸ்க்குக்கு ஒரு உதவிப் பொறியாளர் போதும்.

பிடிஇசட் கேமராவில் சாதாரண மாஸ்க் உதவாது. கேமரா திரும்பும்போது கறுப்புக் கட்டம் திரையில் ஒரே இடத்தில் நிற்கும், ஜன்னல் அதை விட்டு நகர்ந்துவிடும். சுழற்சியோடும் ஜூமோடும் சேர்ந்து நகரும் மாஸ்க் வேண்டும். தயாரிப்பாளர்கள் இதை 3டி மாஸ்க் என்பார்கள். அல்லது கேமரா எந்தக் கோணத்துக்கு மேல் திரும்பக் கூடாது, சாயக் கூடாது என்று எல்லை வைக்கலாம். கடிதத்தில் இரண்டையும் கேளுங்கள்.

எங்கே தவறும்? மின்னல் அடித்துக் கேமரா போய்ப் புதிது மாட்டும்போது, மென்பொருளை மேம்படுத்தும்போது, பழுதுபார்த்து ஃபேக்டரி ரீசெட் செய்யும்போது மாஸ்க் அழிந்துவிடும். யாரும் திரும்பப் போட மாட்டார்கள், ஏனென்றால் மாஸ்க் இருந்ததே புது டெக்னீஷியனுக்குத் தெரியாது. ஆகவே மாஸ்க் விவரத்தைக் கம்பத்தின் சொத்துப் பதிவேட்டில் குறிக்கும்படியும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

கடிதத்துக்குப் பதிலில்லை என்றால், அல்லது பதில் மழுப்பலாக இருந்தால், ஆர்டிஐ. அதற்கும் முன்னால் தமிழ்நாடு அரசின் மின்னணு ஒப்பந்தப்புள்ளித் தளத்தில் தேடிப் பாருங்கள். உங்கள் நகரத்தின் கட்டுப்பாட்டு மைய டெண்டரோ ஸ்மார்ட் கம்ப டெண்டரோ கிடைத்தால் பாதிக் கேள்விகளுக்கு விடை அதிலேயே இருக்கும். குறிப்பாக பிஓகியூ என்ற விலைப்பட்டியலைப் படியுங்கள். முகமறிதல், வண்டி எண் படித்தல், கூட்டம் சேர்வதைக் கண்டறிதல் போன்ற மென்பொருள்கள் பொதுவாகக் கேமரா எண்ணிக்கைப்படி லைசென்ஸ் கணக்கில் விற்கப்படுகின்றன. ஆக, பட்டியலில் முகமறிதல் லைசென்ஸ் 50 என்று இருந்தால் 50 கேமராவில்தான் அதை ஒரே நேரத்தில் ஓட்ட முடியும். அந்த வரியே இல்லையென்றால் வாங்கும்போது அந்த நோக்கம் இல்லை. அதிகாரி வாய்மொழியாகச் சொல்வதைவிட இந்த ஒரு வரி நம்பகமானது.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் ரூ.10, நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினாலும் ஏற்பார்கள், தமிழ்நாட்டின் ஆர்டிஐ இணையதளம் வழியாகவும் செலுத்தலாம். காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 6(2) சொல்கிறது. சொல்லாதீர்கள், சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு விவாதம் நடக்கும். "ஏன் வைத்தீர்கள்?", "இது சரியா?" என்று கேட்டால் அது தகவல் அல்ல, கருத்து என்று திருப்பி அனுப்புவார்கள். ஆவணமாகக் கேளுங்கள். கம்பத்தில் உள்ள ஒவ்வொரு கருவியின் வகை, மாடல் எண், பொருத்திய தேதி உள்ள சொத்துப் பதிவேட்டுப் பக்கம். அதற்கு அனுமதி அளித்த மாமன்றத் தீர்மானம், அரசாணை, அவற்றில் சொல்லப்பட்ட நோக்கம். பதிவை எத்தனை நாள் வைக்க வேண்டும் என்ற ஒப்பந்த விதி. காட்சியைப் பார்க்க லாகின் உள்ளவர்களின் பதவிப் பெயர்களும் எண்ணிக்கையும் (ஆட்களின் பெயரைக் கேட்க வேண்டாம்). கடந்த 12 மாதங்களில் எந்தெந்தத் துறைக்கு எத்தனை முறை பதிவு கொடுக்கப்பட்டது என்ற மாதவாரி எண்ணிக்கை. காவல்துறைக்கு நேரலைக் காட்சி போகிறதென்றால் அதற்கான ஒப்பந்தம் அல்லது கடிதம். கட்டுப்பாட்டு அறையில் கைப்பேசி அனுமதி பற்றிய நிலையாணை. கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால் திரையைக் கைப்பேசியால் படமெடுத்து வாட்ஸ்அப்பில் விட்டால் அந்தக் கசிவுக்கு லாகின் பதிவேட்டில் தடயமே இருக்காது.

மாடல் எண் கிடைத்ததும் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பைத் தேடிப் படியுங்கள். உள்ளே மைக் இருக்கிறதா, கேமராவுக்குள்ளேயே முகத்தைப் பிரித்தறியும் வசதி உண்டா, எத்தனை மாஸ்க் கட்டங்கள் வைக்கலாம் எல்லாம் அதில் இருக்கும். மைக் இருந்தால் ஒலிப்பதிவு அணைக்கப்பட்டுள்ளதா என்று அடுத்த மனு. 2025 ஏப்ரல் 9-க்குப் பிறகு விற்பனைக்கு வரும் சிசிடிவி கேமராக்கள் மத்திய மின்னணு அமைச்சகத்தின் பாதுகாப்பு விதிகளின்படி எஸ்டிகியூசி என்ற அரசுத் தரச் சோதனை அமைப்பின் சோதனையில் தேறியிருக்க வேண்டும். புதிய கம்பமென்றால் அந்தச் சான்றிதழின் நகலையும் கேட்கலாம். பழைய கேமராக்களுக்கு இது பின்னோக்கிப் பொருந்தாது.

முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மறுத்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் பிரிவு 6(3)-இன்படி ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. திட்டம் முடிந்து சொத்துகள் கைமாறும் காலத்தில் "எங்களிடம் இல்லை" என்ற பதிலே அதிகம் வரும் என்பதால் இந்தப் பிரிவை விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

மறுப்புகள் மூன்று வழியில் வரும். பாதுகாப்பு என்று 8(1)(அ)-வைக் காட்டுவார்கள்: நகரம் முழுவதன் கேமரா வரைபடத்தைக் கேட்டால் மறுப்பு வருவது இயல்பு, உங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒரே கம்பத்தைப் பற்றி மட்டும் கேட்டால் அந்த வாதம் தளரும். வணிக ரகசியம் என்பார்கள்: விலை விவரத்தை மறைத்துவிட்டு மற்றதைக் கொடுங்கள் என்று பிரிவு 10-ஐக் காட்டுங்கள். மூன்றாவது, தனிநபர் தகவல் என்ற 8(1)(ஞ), ஆங்கிலத்தில் 8(1)(j). 2025 நவம்பரில் இந்தப் பிரிவு சுருக்கப்பட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்றாகிவிட்டது. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற பிரிவு 8(2) மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. பெயர்களைக் கேட்காமல் பதவிகளைக் கேளுங்கள் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

சிலருக்குத் தேவை எதிர்மாறாக இருக்கும். கேமரா தங்களைப் பதிவு செய்யக் கூடாது என்பதல்ல, விபத்தோ திருட்டோ நடந்ததால் அந்தப் பதிவு தங்களுக்கு வேண்டும். இங்கே ஆர்டிஐ காலை வாரும். பல டெண்டர்களில் பதிவு வைக்கும் காலம் 30 நாள். ஆர்டிஐ பதிலுக்கான காலமும் 30 நாள். பதில் வரும்போது பதிவு அழிந்திருக்கும். முப்பது நாளே இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். வினாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு கேமரா நாளொன்றுக்குச் சுமார் 43 ஜிபி, முப்பது நாளுக்கு 1.3 டிபி எடுக்கும். மழையிலும் இரவு இரைச்சலிலும் இந்த வேகம் கூடும். வட்டு நிறைந்தால் பழையதன்மேல் புதியது எழுதப்பட்டு 20 நாளிலேயே மறையலாம். ஆகவே சம்பவம் நடந்த அன்றோ மறுநாளோ, கம்ப எண், தேதி, நேரம் (முன்பின் அரைமணி சேர்த்து) குறிப்பிட்டு "இந்தப் பதிவை அழியாமல் தனியே எடுத்து வைக்கவும்" என்று மாநகராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். பதிவை நேரடியாக உங்கள் கையில் தருவது அரிது, மற்றவர் முகமும் அதில் இருக்கும். புகாரை விசாரிக்கும் அதிகாரி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 94-இன் கீழ் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். நீதிமன்றத்தில் அது செல்ல, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி சான்றிதழும் சேர்ந்து வர வேண்டும். அதைக் கேட்டு வாங்காமல் பென்டிரைவை மட்டும் வாங்கிக்கொள்ளும் விசாரணைகள் பின்னால் தடுமாறும்.

மற்ற சென்சார்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. பொது வைஃபையில் ஓடிபி கொடுத்து நுழைந்த கணமே உங்கள் கைப்பேசி எண்ணோடு இணைப்பு பதிவாகிவிடும். நுழையாமல் கடந்து போகும்போதும் கைப்பேசி தன் மேக் முகவரியோடு (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்) வைஃபை தேடும் சைகையை விடலாம். அண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் ஒவ்வொரு வைஃபைக்கும் வெவ்வேறு பொய் முகவரி கொடுப்பது இயல்புநிலையாகிவிட்டதால் இந்தப் பயம் குறைந்திருக்கிறது. பழைய கைப்பேசியென்றால் வெளியே போகும்போது வைஃபையை அணையுங்கள். அண்ட்ராய்டில் இருப்பிட அமைப்புக்குள் "வைஃபை ஸ்கேனிங்" என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் அணைத்தால்தான் முழுமை.

கதவருகே ஒட்டிய கியூஆரை உங்கள் கைப்பேசியிலேயே ஸ்கேன் செய்து பாருங்கள். வெறும் எண் வந்தால் கவலையில்லை. இணையப் பக்கம் திறந்து உங்கள் பெயர், கைப்பேசி எண், வரி எண் தெரிந்தால் தெருவில் போகும் எவருக்கும் அது தெரியும் என்று பொருள். திரையைப் படமெடுத்து அன்றைக்கே ஆணையருக்கு எழுதுங்கள். இதில் வாதாட எதுவுமில்லை, திருத்தியே ஆக வேண்டிய பிழை. ஸ்மார்ட் குடிநீர் மீட்டரில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அளவு அனுப்புகிறது? மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினால் அது பில். கால்மணிக்கு ஒருமுறை அனுப்பினால் வீட்டில் எப்போது ஆளில்லை, எத்தனை மணிக்கு எழுகிறார்கள் என்பது எண்களிலேயே தெரிந்துவிடும். கசிவு கண்டுபிடிக்க இரவு நேர அளவு தேவை என்பார்கள், அது உண்மைதான். ஆனால் அதற்கு நாள்வாரி அளவும் இரவு அளவும் போதும்.

ஒருவராக எழுதுவதைவிடத் தெருவே சேர்ந்து எழுதினால் வேறு கதவுகள் திறக்கும். 2022-இல் வந்த விதிகளின்படி தமிழ்நாட்டு மாநகராட்சிகளில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டிருக்கின்றன. பகுதி சபையில் வைக்கும் கோரிக்கை நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். அங்கே கேட்க வேண்டியது தனி ஜன்னல் அல்ல, விதி: கம்பத்தில் என்ன இருக்கிறது என்று தமிழில் பலகை, வீடுகளுக்கு மாஸ்க், வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்துமுன் மாமன்ற ஒப்புதல். ஆம்ஸ்டர்டாமில் பொது இடத்தில் சென்சார் வைப்பவர் நகராட்சியிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. எந்தத் தெருவில் என்ன இருக்கிறது என்று யாரும் வரைபடத்தில் பார்க்கலாம்.

வேறு நோக்கத்துக்கு மாமன்ற ஒப்புதல் வேண்டும் என்ற விதி ஏன் முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் சான் டியேகோ நகரமே எடுத்துக்காட்டு. 2016-இல் மின்சாரம் மிச்சமாகும், போக்குவரத்தை எண்ணலாம் என்று சொல்லித் தெருவிளக்குகளில் 3,000-க்கும் மேற்பட்ட சென்சார்களுக்கு ஒப்புதல் வாங்கினார்கள். அவற்றில் கேமராவும் இருந்தது. 2018-இல் காவல்துறை அந்தப் பதிவுகளைப் புலனாய்வுக்கு எடுக்கத் தொடங்கியது; குடியிருப்பவர்களுக்கு அது பரவலாகத் தெரிய வந்தது அதற்குப் பிறகுதான். எதிர்ப்பு வலுத்து 2020 செப்டம்பரில் மேயர் கேமராக்களை அணைக்கச் சொன்னார், 2022-இல் கண்காணிப்புக் கருவிகளுக்கு நகரச் சட்டமே வந்தது. 2023-இல் வண்டி எண் படிக்கும் வசதியோடு 500 கேமராக்களுக்கு மாமன்றம் மறுபடி ஒப்புதல் கொடுத்தது. எதிர்த்தவர்கள் முழுதாக வெல்லவில்லை. ஆனால் இந்த முறை கேமராக்கள் இயங்கத் தொடங்கும் முன்பே வாக்கெடுப்பு நடந்தது.

நீதிமன்றம் கடைசி வழி. எழுத்தில் கொடுத்த கோரிக்கை, அதன் ஒப்புகை, மறுப்பு அல்லது மௌனம், படங்கள் எல்லாம் கையில் இருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ அரசியலமைப்பின் 226-ஆவது உறுப்பின் கீழ் ரிட் மனு போடலாம். வெறும் கையோடு போனால் "முதலில் மனுக் கொடுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். கேமராவை இயக்குபவர் வேண்டுமென்றே பெண்களின் அந்தரங்கத்தைப் பார்க்கிறார், பதிகிறார் என்றால் அது மாநகராட்சிக் குறையல்ல, குற்றம்: பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் பிரிவு 77, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ (66E). நேராகக் காவல் நிலையம்.

கேமராமேல் துணி போடுவது, லேசர் அடிப்பது, வயரை வெட்டுவது எதுவும் வேண்டாம். பொதுச் சொத்துச் சேத வழக்கு உங்கள்மேல் திரும்பும், நியாயமான கோரிக்கையும் அதோடு போகும். பதில் வரும்வரை ஜன்னலுக்கு ஏதாவது செய்யலாம். கண்ணாடியில் ஒட்டும் கண்ணாடிபோல் மினுங்கும் ஃபிலிமை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். வெளியே வெளிச்சம் கூடுதலாக இருக்கும் பகலில்தான் அது மறைக்கும். இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் தலைகீழாகி உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். பனிபடர்ந்ததுபோல் இருக்கும் மங்கல் ஃபிலிம் இரண்டு வேளையும் வேலை செய்யும், ஜன்னலின் கீழ்ப் பாதிக்கு மட்டும் ஒட்டினால் வெளிச்சமும் குறையாது. மாஸ்க் போட்டுத் திரைப்படியும் வந்துவிட்டால், கம்பத்தில் ஆள் ஏறி வேலை செய்யும் ஒவ்வொரு முறையும், பராமரிப்பு ஒப்பந்தம் கைமாறும் மாதத்திலும், புதிய திரைப்படி ஒன்று கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். பழைய கடித எண்ணைக் குறிப்பிட்டால் நாலு வரி போதும்.